வாசற்படிக்கு வெளியே கிடக்கும் அழுக்கு யாருடையது?

ஒரு வீட்டை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். சீமெந்துக் கல்லால் எழுப்பிய சுவர், மேலே தகரக் கூரை, உள்ளே இரண்டு அறைகள். உம்மா காலையில் எழுந்து வீட்டைக் கூட்டிப் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கி வைத்திருக்கிறார். பாயும் விரிப்பும் சுத்தமாக இருக்கின்றன. வீட்டுக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசல் கதவைத் திறந்தால் ஒழுங்கை முழுவதும் கறுப்பு நீர். நான்கைந்து நாளைக்கொரு முறை வரும் தொழிலாளி வாளிக் கக்கூஸைத் தூக்கிக் கொண்டுபோய் அந்த ஒழுங்கையிலேயே ஓர் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகிறார். சுபஹுத் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டு புறப்படும் வாப்பா, உடுப்பைத் தூக்கிப் பிடித்தவாறு கல்லுக்குக் கல் தாவித்தான் பள்ளிவாசலை அடைய வேண்டும். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மாதம் ஒருமுறையாவது வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம்.

1980ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் கராச்சி நகருக்கு வடமேற்கே, ஒரங்கி என்னும் பகுதியில் இலட்சக்கணக்கான மக்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் தங்கள் ஒழுங்கைகளைத் தாங்களே எப்படிச் சீராக்கிக் கொண்டார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹுப் பாடம் நடத்துபவன் நான். எந்த ஃபிக்ஹு நூலைத் திறந்தாலும் முதல் பாடம் தஹாரத், அதாவது தூய்மை. எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது நஜீஸ், உடுப்பில் பட்டால் எப்படிக் கழுவுவது என்று வாரக்கணக்கில் ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த நஜீஸ் ஒழுங்கையில் ஆறாக ஓடினால் அதை அகற்றுவது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. நானும் அதை ஒரு பாடமாக எடுத்ததில்லை. ஒரங்கியின் கதையைப் படித்த பிறகுதான் அது என் மனதை உறுத்தத் தொடங்கியது.

யார் இந்த மக்கள்?

ஒரங்கியில் 1960களின் நடுப்பகுதியில் குடியேற்றம் தொடங்கியது. அரச காணியைத் தரகர்கள் துண்டு போட்டு விற்றார்கள், ஏழைகள் வாங்கினார்கள். உறுதியும் கிடையாது, வரைபடமும் கிடையாது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷாகப் பிரிந்ததன் பின்னர் அங்கிருந்து அகதிகளாக வந்த பிஹாரி முஸ்லிம்கள் பெருந்தொகையில் இங்கே குடியேறினார்கள். அவர்களோடு இந்தியாவிலிருந்து வந்த முஹாஜிர்கள், வடக்கிலிருந்து வேலை தேடி வந்த பதான்கள், பஞ்சாபிகள், சிந்திகள், பலூச்சிகள் என்று எல்லா இனத்தவரும் அங்கே கலந்திருந்தார்கள். 1980களில் ஒரங்கியின் சனத்தொகை பத்து இலட்சத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. எனினும் நகரத்தின் அதிகாரிகளுக்கு அது கணக்கில் வராத ஊர். தண்ணீர், மின்சாரம், பாதை என்று எதைக் கேட்டாலும், சட்டவிரோதக் குடியிருப்பு என்ற ஒரே பதிலே கிடைத்தது.

இவர்கள் சோம்பேறிகள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டைத் தங்கள் கைக்காசில் கட்டியவர்கள். கல் அறுக்கும் முதலாளியிடம் கடனுக்குக் கல் வாங்கி, விடுமுறை நாளில் தாங்களே சுவர் எழுப்பியவர்கள். ஆனால் வாசற்படியோடு அவர்களுடைய உழைப்பு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று நம்பியிருந்தார்கள். நமது ஒழுங்கைகளிலும் அப்படித்தானே? எங்கள் வீட்டுக்கு முன்னால் அடைபட்ட கானுக்காக நானும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து எழுதிய மனுக்களின் பிரதிகள் ஒரு கோவை நிறைய இன்னும் என்னிடம் இருக்கின்றன. மண்வெட்டியை எடுத்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

வயோதிபர் ஒருவர் வந்தார்

1980இல் ஒரங்கிக்கு ஒரு பெரியவர் வந்தார். டாக்டர் அக்தர் ஹமீத் கான் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. 1914இல் ஆக்ராவில் பிறந்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். என்னும் உயர் நிருவாக சேவையில் தேர்ச்சி பெற்று, கேம்பிரிட்ஜில் பயின்று வங்காளத்தில் அதிகாரியாக இருந்தவர். 1943இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியபோது மக்கள் செத்து மடிவதை நேரில் கண்டவர். அதன் பிறகு அந்தப் பதவி அவருக்குக் கசந்தது. ராஜினாமாச் செய்துவிட்டு, அலிகாருக்கு அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுச் செய்யும் தொழிலாளியாகவும் சில காலம் வாழ்ந்து பார்த்தார். பிற்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தானின் கொமிலாவில் கல்லூரி அதிபராக இருந்தார். 1959இல் அங்கே கிராமிய அபிவிருத்திப் பயிற்சி நிலையத்தை அமைத்து, ஏழை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார். அதற்காக 1963இல் மக்சேசே விருது கிடைத்தது.

பி.சி.சி.ஐ. வங்கியை நிறுவிய ஆகா ஹசன் ஆபிதி, ஒரங்கியில் ஏதாவது செய்யுமாறு அவரிடம் கேட்டுக் கொண்டார். வங்கியின் தர்ம நிதியிலிருந்து பணம் வந்தது. (அந்த வங்கி 1991இல் மோசடிக் குற்றச்சாட்டுகளுக்கு மத்தியில் இழுத்து மூடப்பட்டது வேறு கதை.) பணத்தைக் கொடுத்தவர்கள் போர்வையும் உணவும் பகிர்ந்தளிப்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவரோ எதையும் பகிர்ந்தளிக்கவில்லை. பல மாதங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார், மக்களோடு உட்கார்ந்து பேசினார். உங்களுக்கு என்ன கஷ்டம், அதற்கு நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்.

பெரும்பாலோர் சொன்ன முதல் கஷ்டம் கழிவுநீர். அதற்கு அவர்களுடைய தீர்வு, நீங்கள் பெரிய ஆள், அதிகாரிகளைத் தெரிந்தவர், அரசாங்கத்திடம் பேசி இலவசமாகக் குழாய் பதித்துத் தாருங்கள் என்பதுதான். தன்னால் அது முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தர்ம ஸ்தாபனம் ஒன்றின் தலைவர் முதல் நாளே இப்படிச் சொல்வது நமக்குப் புதுமையாக இருக்கும். பெருநாள் காலத்தில் அரிசிப் பொதியுடன் வந்து படம் பிடித்துக்கொண்டு போகும் சங்கங்களைத்தானே நாம் கண்டு பழகியிருக்கிறோம்!

மக்களுடைய பேச்சிலிருந்து நான்கு தடைகள் இருப்பதாக அவர் கண்டுகொண்டார். இது நமது வேலையல்ல என்ற எண்ணம் முதலாவது. மாநகர சபையின் முறையில் செய்தால் ஏழையால் தாங்க முடியாத செலவு என்பது அடுத்தது. நிலத்தடிக் குழாய் பதிக்கும் தொழில்நுட்பம் மக்களுக்குத் தெரியாது. நான்காவதுதான் மிகக் கடினமானது. வீடு ஒருவனுடையது, அதை அவன் தனியாகக் கட்டலாம். ஆனால் ஒழுங்கையில் குழாய் பதிக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டானும் எதிர் வீட்டானும் ஒன்று சேர வேண்டும்.

இருபது முப்பது வீடுகள்

ஒரங்கி முன்னோடித் திட்டம் என்று அவர் தொடங்கிய நிறுவனம் பெரிய கூட்டங்களைக் கூட்டவில்லை. அரசியல்வாதியையும் அழைக்கவில்லை. ஒரு ஒழுங்கையில் இருபது முப்பது வீடுகள் இருக்கும். அந்த வீட்டாரை மட்டும் ஒழுங்கையிலேயே கூட்டி, படங்களையும் மாதிரிகளையும் காட்டி விளக்கினார்கள். உங்கள் ஒழுங்கைக்கு நீங்களே பொறுப்பு, நாங்கள் அளந்து வரைபடம் போட்டுத் தருவோம், மதிப்பீடு செய்து தருவோம், மட்டம் பார்க்கும் கருவியும் கொங்கிரீட் அச்சுகளும் இரவல் தருவோம், காசு மட்டும் தரமாட்டோம். இதுதான் நிபந்தனை.

உடன்பட்ட ஒழுங்கையார் தங்களுக்குள் ஒருவரை முகாமையாளராகத் தெரிவு செய்தார்கள். அவரே வீடு வீடாகப் பணம் சேர்த்தார், சீமெந்தும் குழாயும் வாங்கினார், மேசனைப் பிடித்தார். மக்களின் பணத்தில் ஒரு சதமேனும் நிறுவனத்தின் கைக்குப் போகவில்லை. சேர்த்த காசுக்குக் கணக்குக் கேட்பவர்கள் பக்கத்து வீட்டார்களாக இருந்தால் கள்ளக் கணக்கு எழுத எவருக்குத் துணிவு வரும்?

1981இல் முதல் ஒழுங்கைகளில் வேலை ஆரம்பமானது. அனைத்தும் நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அது பொய். ஆரம்பத்தில் பதித்த பல குழாய்களின் வேலை மோசமாக இருந்தது. கொங்கிரீட் கலவையில் சீமெந்து போதாது. போட்ட கொங்கிரீட்டைத் தண்ணீர் ஊற்றிப் பல நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வெடிப்பு விழுந்தது. நிறுவனத்தார் அதை மறைக்காமல், எங்கே பிழைத்தது என்று ஆராய்ந்தார்கள். மேசன்மாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எளிய உருதுவில் துண்டுப் பிரசுரம் அடித்துப் பகிர்ந்தார்கள். கட்டிடக் கலைஞர் ஆரிப் ஹசன் ஆலோசகராகச் சேர்ந்து, வடிவமைப்பை எளிதாக்கினார். மேன்ஹோல் மூடிகளை ஒழுங்கையிலேயே வார்க்க இரும்பு அச்சுகள் செய்யப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்க்கும் இடையில் சிறு தொட்டி ஒன்று கட்டப்பட்டது. கட்டியாக வருவது அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் குழாய்க்குப் போகும், ஆகவே குழாய் அடைபடுவது குறையும்.

கக்கூஸும் வீட்டு இணைப்பும் ஒழுங்கைக் குழாயும் சேர்த்து 1980களின் தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1000 ரூபா ஆனது. இதே வேலைக்கு மாநகர சபையின் மதிப்பீடு பல மடங்கு அதிகம். அந்த வித்தியாசம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். கொந்தராத்துக்காரரின் இலாபம், அதற்குக் கீழே உபகொந்தராத்துக்காரரின் இலாபம், கந்தோரில் கைமாறும் பணம், தேவைக்கு மேல் ஆழமும் அகலமுமான வடிவமைப்பு. இவற்றைக் கழித்துவிட்டால் மீதி ஏழையின் கைக்கு எட்டும் தொகைதான்.

ஒரங்கி மேட்டு நிலம். மழைநீர் வடியும் இயற்கை ஓடைகள் பல அதன் ஊடே ஓடுகின்றன. நாலா என்று அவற்றை அழைப்பார்கள். எனவே முதலில் நாலாவுக்குப் பக்கத்திலிருந்த ஒழுங்கையார்தான் குழாய் பதித்தார்கள். அவர்களுடைய ஒழுங்கை காய்ந்து சுத்தமானதைக் கண்ட மேல் ஒழுங்கையார், எங்கள் குழாயையும் உங்கள் குழாயோடு இணைக்க விடுங்கள் என்று வந்தார்கள். இங்கே வாய்த்தர்க்கம், சண்டை எல்லாம் வந்தன. ஒழுங்கைகள் பல சேர்ந்து பெரிய இடைக்குழாய்களைப் பதிக்க வேண்டி வந்ததால் அவற்றுக்கெனக் குழுக்கள் அமைந்தன. வீட்டினுள் கக்கூஸ், ஒழுங்கையில் குழாய், பகுதியில் இடைக்குழாய், இம்மூன்றும் மக்கள் பொறுப்பு. அதற்கப்பால் உள்ள பிரதான குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசாங்கத்தின் பொறுப்பு. அரசாங்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை, அதன் பங்கு எதுவோ அதை மட்டும் அதனிடம் கேட்டார்கள்.

காலப்போக்கில் ஒரங்கியின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஒழுங்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு மக்களின் சொந்தச் செலவில் நிலத்தடிக் குழாய் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள்! அதன் பெறுமதி கோடிக் கணக்கான ரூபா. எந்த வெளிநாட்டுக் கடனும் அதில் இல்லை.

பெண்கள் இல்லாமல் நடந்திருக்காது

ஒழுங்கை முகாமையாளர்கள் என்று ஏட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். ஆனால் வேலையைத் தொடங்கத் தூண்டியோர் பெண்கள் என்பதை ஒரங்கியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆண் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வீடு திரும்புகிறான். அந்த நாற்றத்தை நாள் முழுவதும் முகர்பவள் பெண். வயிற்றோட்டம் கண்ட பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுபவளும் அவளே. பொழுது சாயும்வரை ஒதுங்க முடியாமல் அடக்கிக்கொண்டிருப்பவளும் அவளே. வயது வந்த பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் கக்கூஸ் இல்லாவிட்டால் அது என்ன பாடு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குழாய் வந்த பின்னரும் நோய் முற்றாக நின்றுவிடவில்லை. ஏன் என்று பார்த்தபோது, தடுப்பூசி, கை கழுவுதல், குடிநீர் பற்றிய செய்தி பெண்களுக்குப் போய்ச் சேராமல் இருந்தது தெரிய வந்தது. மத்திய நிலையம் ஒன்றை அமைத்துப் பெண்களை அங்கே வரச் சொல்வதுதான் அரசாங்கத்தின் வழமை. ஒரங்கிப் பெண்களோ பர்தா பேணுபவர்கள். ஒழுங்கையைத் தாண்டிப் போக வீட்டார் விடமாட்டார்கள். இந்த இடத்தில் டாக்டர் அக்தர் ஹமீத் கான் செய்ததை மௌலவியாகிய நான் மிகவும் மதிக்கிறேன். பெண்களே, பர்தாவை விட்டு வெளியே வாருங்கள் என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. நிலையத்தை ஒழுங்கைக்குள் கொண்டுபோனார்.

சுகாதாரப் பெண் உத்தியோகத்தர் ஒருவரும் ஊர்ப் பெண் அமைப்பாளர் ஒருவருமாகச் சிறு குழு ஒன்று 1980களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள சில ஒழுங்கைகளுக்குப் பொதுவாக, நம்பிக்கையான பெண் ஒருவரின் வீட்டைத் தெரிவு செய்தார்கள். அயல் வீட்டுப் பெண்கள் பதினைந்து இருபது பேர் அங்கே வந்து உட்கார்வார்கள். நோய் எப்படிப் பரவுகிறது, எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி தேவை, வீட்டு முற்றத்தில் மரக்கறி வளர்ப்பது எப்படி என்று பேசினார்கள். எல்லாம் ஒரு தாய் பக்கத்து வீட்டுத் தாயிடம் பேசும் பேச்சு. பின்னாளில் மருத்துவிச்சிகளுக்கும் பாடசாலை ஆசிரியைகளுக்கும் அதே பயிற்சி கொடுக்கப்பட்டது. திட்டத்தின் பகுதிகளில் 1982இல் ஆயிரம் குழந்தைகளில் 130 அளவில் ஒரு வயதுக்குள் இறந்தன என்றும், 1991இல் அது 37ஆகக் குறைந்தது என்றும் கணக்கெடுப்புகள் காட்டின. குழாய் மட்டும் இதைச் செய்யவில்லை, இந்த ஒழுங்கைக் கூட்டங்களும் சேர்ந்துதான்.

பிழைப்பு வேண்டுமே! கராச்சியின் ஆடை வியாபாரத்துக்கு வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்த பெண்கள் ஒரங்கியில் ஏராளம். இடையிலுள்ள தரகன் கூலியில் பெரும்பங்கைப் பிடுங்கிக் கொள்வான். 1984இலிருந்து பெண்கள் தொழில் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில் தையல் இயந்திரங்களை வைத்து, பெண்களே நிருவகித்து, வியாபாரிகளிடம் நேரடியாகக் கட்டளை பெற்றார்கள். விதவைகளுக்கும் கணவன் கைவிட்ட பெண்களுக்கும் இது பெரும் ஒத்தாசையாயிற்று. படித்த பெண் பிள்ளைகள் தங்கள் வீட்டு அறைகளில் பாடசாலை தொடங்கினார்கள். அரச பாடசாலைகளைவிட இப்படியான தனியார் பாடசாலைகளே ஒரங்கியில் பல மடங்கு அதிகமாயின.

1987இல் சிறு தொழில்களுக்கான கடன் திட்டமும் ஆரம்பமானது. பிணையும் ஈடும் கேட்காமல் ஏழைகளை நம்பிக் கொடுத்தது நல்லதே. ஆனால் அது வட்டிக் கடன். இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லாமல் விட என் மனம் இடம் தரவில்லை. ஒழுங்கைக் குழாயை ஒரு சதம் வட்டியில்லாமல் கட்டி முடித்த மக்களிடம் கர்ழ் ஹசன் முறையைப் பரீட்சித்துப் பார்த்திருக்கலாம்.

சோதனைகள்

பல இனத்தவர் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. 1986 டிசம்பரில் ஒரங்கியின் அலிகார் காலனி, கஸ்பா காலனி பகுதிகளில் பயங்கர இனக்கலவரம் வெடித்தது. ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் மக்கள் ஒருவரையொருவர் வெட்டினார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கலவரத்தில் பாதிக்கப்படுவது எப்படியென்று நம் நாட்டு முஸ்லிம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. ஆயினும் குழாய் பதிக்கும் வேலை அதோடு நின்று போகவில்லை. இருபது வீடுகள் என்ற சின்ன அளவு அங்கே உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊர் முழுவதையும் ஒன்றாக்க முயன்றிருந்தால் எல்லாம் ஒரே நாளில் உடைந்திருக்கும்.

டாக்டர் அக்தர் ஹமீத் கானுக்கும் சோதனை வந்தது. அவர் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு கதைப்பாட்டைக் காட்டியும், வேறு காரணங்களைச் சொல்லியும், மார்க்க நிந்தனை செய்தார் என்று சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். எண்பது வயதை எட்டிய காலத்தில் அவர் அந்தச் சுமையையும் தாங்கினார். மார்க்கத்தின் பெயரைச் சொந்தக் குரோதத்துக்குப் பயன்படுத்துவது எங்கள் வகுப்பாருக்கு இழுக்கு என்று மட்டும் சொல்லி இதைக் கடந்து போகிறேன். அவர் 1999 அக்டோபர் 9ஆம் திகதி அமெரிக்காவில் வபாத்தானார். ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரங்கியில் அவர் வேலை செய்த நிறுவனத்தின் வளவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

பர்வீன் ரஹ்மான்

1957இல் டாக்காவில் பிறந்து, 1971 யுத்தத்தின் பின் குடும்பத்தோடு கராச்சிக்கு வந்தவர் பர்வீன் ரஹ்மான். கட்டிடக் கலை கற்றவர். வசதி படைத்தவர்களின் மாளிகைகளை வரையும் வேலை பிடிக்காமல், 1983இல் ஒரங்கி நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் 1988இல் நான்காகப் பிரிந்தபோது ஆராய்ச்சி, பயிற்சிப் பிரிவைப் பொறுப்பேற்றார். முப்பது வருடங்கள் அதே ஒழுங்கைகளில் நடந்தார்.

ஒரங்கி இளைஞர்களுக்கு அளக்கவும் வரையவும் பழக்கி, கராச்சி முழுவதிலுமுள்ள நாலாக்களையும் குடியிருப்புகளையும் வரைபடமாக்கியது அவரது பெரும் பணி. காகிதத்தில் கோடு போடுவதால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். கராச்சியின் கோரங்கிப் பகுதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் பெருங்கடன் வாங்கிக் கழிவுநீர்த் திட்டம் போட இருந்தார்கள். ஏற்கெனவே மக்கள் பதித்த குழாய்களையும் நாலாக்களையும் பயன்படுத்தினால் மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம் என்று இந்த வரைபடங்களை வைத்துக் காட்டினார்கள். 1999இல் அந்தக் கடன் கைவிடப்பட்டது. கொந்தராத்துகளை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும்?

பின்னர் அவர் கராச்சியைச் சூழ்ந்த பழைய கிராமங்களை அளக்கத் தொடங்கினார். நகரம் பெருகப் பெருக, காணி பிடிப்போர் அந்தக் கிராமத்தாரை விரட்டி நிலத்தை விற்றுக் கொண்டிருந்தார்கள். வரைபடமும் குடும்பக் கணக்கும் கையில் இருந்தால்தான் கிராமத்தார் அரசாங்கத்திடம் உறுதி கேட்க முடியும். நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு அப்படி உறுதி கிடைக்க அவரது பணி உதவியது. மாநகரின் பிரதான குழாய்களிலிருந்து தண்ணீரைத் திருடி பவுசர்களில் விற்கும் கூட்டத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதினார். பயமுறுத்தல்கள் வந்தன. அவர் விடவில்லை.

2013 மார்ச் 13ஆம் திகதி மாலை, ஒரங்கியிலுள்ள கந்தோரிலிருந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 டிசம்பரில் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் ஐந்து பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2022 நவம்பரில் சிந்து மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்து, அவர்களை விடுவிக்கும்படி உத்தரவிட்டது.

மிச்சம் இருப்பது

ஒரங்கி இன்று சொர்க்கபுரி என்று எழுத நான் தயாரில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு அங்கே இன்னும் உண்டு. மக்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்தார்கள். அரசாங்கத்தின் பங்கான சுத்திகரிப்போ ஒழுங்காக நடைபெறவில்லை. கழிவுநீரில் பெரும்பகுதி நாலாக்கள் வழியே அப்படியே கடலைச் சேருகிறது. நாலாக்களிலும் குப்பையைக் கொட்டி அடைத்தார்கள். 2020 ஆகஸ்டில் பெருமழை பெய்து கராச்சி மூழ்கியபோது, நாலாக் கரைகளில் வீடு கட்டியவர்கள்தான் காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. 2021இல் ஒரங்கி நாலா, குஜ்ஜர் நாலா ஆகியவற்றின் இரு மருங்கிலுமிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. அவற்றில் முறையான குத்தகைப் பத்திரம் உள்ள வீடுகளும் இருந்தன. பல வருட உழைப்பு ஒரு பகல் பொழுதில் கற்குவியலாயிற்று. இடிபாடுகளின் மேல் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய தாய்மாரின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

அந்த வருடம் நான் அப்படங்களை மதரஸாவுக்கு எடுத்துச் சென்று, தஹாரத் பாடத்தின்போது மாணவர்களுக்குக் காட்டினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்த ஒரு பையன், “ஹஸ்ரத், அப்ப எங்கட ரோட்டுக் கானை யார் துப்புரவாக்குற?” என்று கேட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலுள்ள இருபத்திரண்டு வீட்டாரில் பதினொரு பேர் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். மற்றவர்களை அழைத்துவரும் பொறுப்பைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகத் திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் சொல்லியனுப்பினார்கள்.